268 பேரும் எங்க கிளாஸ் 62 பேரும்

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். முந்தின நாள் ராத்திரி ரிலீஸ். விடிய விடிய பொட்டி தட்டிட்டு, எதுவும் வெடிக்கலைன்னு உறுதியானதும் சாப்பிட்டுப் படுத்தேன். தூக்கம் வரல. போனை நோண்டினா, காலேஜ் குரூப்ல ஒருத்தன் ஒரு ஃபார்வர்டு தட்டி விட்டிருந்தான். ஹார்வர்டுல 80 வருஷம் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சாங்களாம், சந்தோஷத்துக்குக் காரணம் பணம் இல்லையாம், நல்ல உறவுகளாம். அதுக்கு வரிசையா தம்ஸ்-அப். அதுக்குக் கீழேயே இன்னொருத்தன், "மச்சி, ஜாவா ஓப்பனிங் இருந்தா யாராவது ரெஃபர் பண்ணுங்கடா"ன்னு கேட்டிருந்தான். அதுக்கு ஒரு பதிலும் இல்லை. நல்ல உறவுகள் :-)

எங்க குரூப்பைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். 2019-ல முடிச்ச இசிஇ செட். கிளாஸ்ல 62 பேர், குரூப்ல இப்ப 57. கல்யாணப் பத்திரிகை வரும், புதுக் கார் சாவியோட போட்டோ வரும், ஏர்போர்ட் செல்ஃபி வரும். இப்ப ஒண்ணு ரெண்டு குழந்தைப் படங்களும் எட்டிப் பாக்குது. ஒவ்வொண்ணுக்கும் நாப்பது பேர் வாழ்த்து சொல்லுவோம். குரூப்ல இல்லாத அஞ்சு பேரைப் பத்தி யாரும் பேசினதில்லை.

அந்த அஞ்சுல ஒருத்தன் நாலு வருஷமும் என்னோட லேப் பார்ட்னர். சர்க்யூட் போர்டுல கனெக்‌ஷன் கொடுக்கிறது அவன், ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' பண்றது நான். கேம்பஸ்ல ஆஃபர் வாங்கினான். சேர்ற தேதி தள்ளித் தள்ளிப் போச்சு, 2020 மார்ச்ல ஊரடங்கு வந்துச்சு, அப்புறம் ஒரு நாள் மெயில் வந்துச்சு. என்ன மெயில்னு சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்ட்ல குரூப்ல ஒரு சாம்பல் நிற வரி, அவன் பேர், பக்கத்துல 'லெஃப்ட்'. நாளைக்குக் கூப்பிடலாம்னு நினைச்சேன். அந்த நாளைக்கு அஞ்சு வருஷம் ஆச்சு.

நிற்க. கொசுவத்தி சுத்தினது போதும். அந்த ஃபார்வர்டுல எவ்வளவு உண்மைன்னு பாக்கலாம்னுதான் தேட ஆரம்பிச்சேன். ஒரு மணி நேரத்துல முடியும்னு நினைச்சது நாலு ஞாயிறை முழுங்கிடுச்சு. தோண்டத் தோண்ட வந்தது சந்தோஷத்தோட ஃபார்முலா இல்லை. ஒரே காலேஜ்ல படிச்ச கொஞ்சம் பசங்க பின்னால என்ன ஆனாங்கன்னு, அவங்க சாகிற வரைக்கும் விடாம விசாரிச்ச கதை.

ஆரம்பம் 1938. அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாணவர் சுகாதாரத் துறைக்கு ஆர்லி பாக் என்ற டாக்டர் தலைவராக இருந்தார். மருத்துவம் எப்போ பார்த்தாலும் நோயாளியையே பார்த்துக்கிட்டிருக்கு, நல்லா இருக்கிறவன் எப்படி நல்லா இருக்கான்னு யாரும் பார்க்கலையே என்பது அவருடைய ஆதங்கம். பணம் கொடுத்தவர் வில்லியம் டி. கிராண்ட். மலிவு விலைச் சங்கிலிக் கடைகளின் முதலாளி. அதனால்தான் இதற்குக் கிராண்ட் ஸ்டடி என்று பெயர்.

1939 முதல் 1944 வரை பட்டம் பெற வேண்டிய வகுப்புகளில் இருந்து 268 மாணவர்களைப் பொறுக்கினார்கள். உடம்பிலும் மனசிலும் குறையில்லாதவர்கள், முன்னுக்கு வரக்கூடியவர்கள் என்று காலேஜ் நம்பியவர்கள். அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேரும் வெள்ளையர்கள். அன்றைய ஹார்வர்டு காலேஜ் ஆண்களுக்கு மட்டும்தான், பெண்களுக்குத் தனியாக ராட்கிளிஃப் இருந்தது.

பிறகு அளக்க ஆரம்பித்தார்கள். நம்ம ஊர்ல கேம்பஸ் இன்டர்வியூன்னா ஆப்டிட்யூட், ஜிடி, எச்ஆரோட விட்டுடுவான். இங்கே மண்டை, புருவ எலும்பு என்று மானிடவியலாளர் ஒருவர் அளவெடுத்தார். மூளை அலைப் பதிவு, கையெழுத்து ஆராய்ச்சி, மைக்கறையைக் காட்டி 'என்ன தெரியுது' என்று கேட்கும் சோதனை, மனநல மருத்துவர்களோடு பல மணி நேரப் பேச்சு. சாய்வான ட்ரெட்மில்லில் ஏற்றி, அஞ்சு நிமிஷம் தாங்குவானா என்று ஓட விட்டார்கள். உடம்பு வாகை வைத்தே குணத்தையும் எதிர்காலத்தையும் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அன்றைக்கு அறிவியல் வேஷத்தில் உலவியது. நம்ம ஊர் சாமுத்திரிகா லட்சணம்தான், கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு. எலும்பையும் தசையையும் அளந்து எழுதிய அந்தக் கட்டுக் காகிதம் பின்னாளில் பெரிதாக எதையும் சொல்லவில்லை.

உருப்படியான வேலையைச் செய்தவர் என்று நான் நினைப்பது லூயிஸ் கிரிகரி என்ற பெண்மணியை. சமூகப் பணியாளர். ஒவ்வொரு பையனுடைய வீட்டுக்கும், அமெரிக்கா முழுக்கப் பயணம் செய்து, போய் உட்கார்ந்து அம்மா அப்பாவிடம் பேசினார். இவன் சின்னப் பிள்ளையில் எப்படி, எப்போ நடந்தான், எதுக்கு பயப்படுவான், வீட்டில் யாரோடு ஒட்டுதல். அது ரயில் காலம் என்பதை ஞாபகம் வெச்சுக்குங்க. மண்டை அளவுகள் தூசி படிந்து கிடக்க, இந்த அம்மா எழுதி வைத்த குறிப்புகளுக்குத்தான் அம்பது அறுபது வருஷம் கழித்து மதிப்பு வந்தது. சின்ன வயதில் வீட்டில் அன்பு கிடைத்ததா இல்லையா என்பது வயதான பிறகும் தடயம் விட்டிருந்தது.

பசங்க பட்டம் வாங்கின கையோட உலகப் போர். பெரும்பாலானவர்கள் ராணுவத்துக்குப் போனார்கள், திரும்பி வந்தவர்களிடம் போரைப் பற்றியும் விசாரித்தார்கள். 1940-களின் பிற்பாதியில் கிராண்ட் பணத்தை நிறுத்திவிட்டார். 1950-களில் தாங்கிப் பிடித்தது யார் தெரியுமா? சிகரெட் கம்பெனி. பிலிப் மோரிஸ் பணம் வந்த காலத்துக் கேள்வித்தாளில், நீங்க சிகரெட்டே பிடிச்சதில்லைன்னா ஏன் பிடிக்கலைன்னு ஒரு கேள்வி இருந்திருக்கிறது. ஸ்பான்சர்னா சும்மாவா.

ஆனால் ஆராய்ச்சி சாகவில்லை. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை கேள்வித்தாள், அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் இருந்து உடல்நல விவரம், பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை நேரில் பேச்சு. வேலை எப்படி, மனைவியோடு எப்படி, குடி எவ்வளவு, தூக்கம் வருதா.

இந்த 268-ல் பிரபலங்களும் இருந்தார்கள். 1940-ல் பட்டம் வாங்கிய ஜான் எஃப். கென்னடி ஒருவர். அவருடைய ஃபைலை மட்டும் தனியாக எடுத்து 2040 வரைக்கும் சீல் வைத்துவிட்டார்கள். வாஷிங்டன் போஸ்ட் ஆசிரியராக இருந்த பென் பிராட்லீ இன்னொருவர், இதைத் தன் சுயசரிதையில் அவரே எழுதினார். மற்றவர்கள் பெயர்கள் பொதுவாக வெளியே வருவதில்லை, புத்தகங்களில் புனைபெயர்கள்தான்.

இப்போ இன்னொரு விஷயத்தையும் சொல்லணும். ஹார்வர்டில் இதற்கு வெகு காலம் முன்பிருந்தே பழைய மாணவர்களைத் தொடரும் ஒரு ஏற்பாடு உண்டு. அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு புத்தகம் வரும். சிவப்பு அட்டை, அதனால ரெட் புக். அவனவன் தன்னைப் பற்றி எழுதி அனுப்புவான். வேலை, கல்யாணம், பிள்ளைகள், வாங்கிய பட்டம், போன ஊர். எழுதியதை அப்படியே அச்சடிப்பார்கள். எங்க குரூப்போட கொள்ளுத்தாத்தா.

அப்படியே அச்சடித்ததில் ஒரு தடவை மானம் போனது. 1962 செட்டின் அம்பதாவது வருஷப் புத்தகம் 2012-ல் வந்தது. அதில் ஒருவர் தொழில் 'கைதி' என்றும், பெற்ற விருதுகள் 'எட்டு ஆயுள் தண்டனை' என்றும் போட்டிருந்தார். அவர் டெட் கசின்ஸ்கி. குண்டு வைத்து மூன்று பேரைக் கொன்ற 'யூனாபாம்பர்'. முன்னாள் மாணவர் சங்கம் மன்னிப்புக் கேட்டது. படிக்கும்போது சிரிப்பு வந்தது, அப்புறம் சங்கடமா இருந்தது. அந்த ஆள் செய்தது கொடூரம். ஆனா அந்தப் புத்தகத்தில் எத்தனை பேர் நிஜத்தை எழுதியிருப்பாங்க? வேலை போனவன் அந்த வருஷம் எழுதியே அனுப்பியிருக்க மாட்டான்.

நம்ம பாஷையில் சொன்னா, ரெட் புக் புஷ் நோட்டிஃபிகேஷன். அவன் அனுப்பினாத்தான் உனக்கு வரும். கிராண்ட் ஸ்டடி போலிங். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை போய்க் கதவைத் தட்டி 'இருக்கியா, எப்படி இருக்கே'ன்னு கேட்கும். பதில் வரலைன்னா அதையும் குறிச்சுக்கிட்டு மறுபடி தட்டும்.

இந்த ரெண்டும் ஒரு மனிதரிடத்தில் வந்து சேர்ந்தது. ஜார்ஜ் வேலியண்ட். மனநல மருத்துவர். 1960-களின் பிற்பாதியில், முப்பதுகளின் தொடக்கத்தில் இந்த ஆராய்ச்சிக்குள் வந்து, பிறகு முப்பது வருஷத்துக்கும் மேல் நடத்தியவர். அவருடைய அப்பாவும் ஹார்வர்டுதான், 1922 செட். அஸ்டெக் நாகரிகத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய புகழ்பெற்ற தொல்லியலாளர். 1945-ல் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்துபோனார். பையனுக்கு அப்போ 10 வயசு. அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரிசோனாவுக்குப் போய்விட்டார். வளர்ந்த வீட்டை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

பையனுக்கு 13 வயசானபோது தபாலில் ஒரு புத்தகம் வந்தது. அப்பாவுடைய செட்டின் 25-வது வருஷ ரெட் புக். அப்பா செத்துப்போனாலும் புத்தகம் வருவது நிற்கவில்லை. அதில் ஒவ்வொரு ஆளுக்கும் காலேஜ் படமும், நாப்பத்தி சொச்சம் வயசுப் படமும். அந்தப் பையன் நாள்கணக்கில் அதையே புரட்டிக்கொண்டிருந்திருக்கிறான். இந்த இளவட்டங்கள் எப்படி இந்த நடுவயசு ஆட்களாக ஆனார்கள்? 2009-ல் ஜோஷுவா ஷெங்க் என்பவர் அட்லாண்டிக் பத்திரிகையில் எழுதிய நீண்ட கட்டுரையில் இதைப் படித்தபோது போனைக் கீழே வைத்துவிட்டேன். அப்பா இருந்திருந்தா இப்படி ஆகியிருப்பாரோன்னு அவன் தேடினானா? கட்டுரையில் அப்படியெல்லாம் இல்லை, நானா நினைச்சுக்கிட்டது. ஆனா அந்தப் பையன் வளர்ந்து, வேறு கொஞ்சம் ஹார்வர்டு பசங்க என்ன ஆனார்கள் என்று விசாரிப்பதிலேயே வாழ்க்கையைக் கழித்தது நிஜம்.

சரி, என்ன ஆனார்கள்?

பொறுக்கி எடுத்த முத்துக்கள் இல்லையா? 1948-க்குள் 20 பேருக்குக் கடுமையான மனநலச் சிக்கல். 50 வயதுக்குள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குப் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் மனநோய் என்று சொல்லத்தக்க நிலையைத் தொட்டிருந்தார்கள். பாக் டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் சளைக்கவில்லை. நான் எடுத்தப்ப எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்க, இந்த மனநல டாக்டருங்கதான் கெடுத்திருக்கணும் என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னாராம். பிளேஸ்மென்ட் ஆபீசர் தோத்தார் போங்க.

எனக்கு ரொம்பப் பிடித்தது புனைபெயரில் காட்ஃப்ரி கேமில் என்று வேலியண்ட் எழுதும் ஆளின் கதை. அன்பே இல்லாத வீடு. காலேஜில் எப்போ பார்த்தாலும் சுகாதார மையத்து வாசலில் நிற்பான், தலைவலி, வயித்துவலி என்று. பாக் டாக்டருடைய ஆட்களே சலித்துப்போய் இவன் தேறமாட்டான் என்ற தொனியில் எழுதிவைத்தார்கள். மருத்துவம் படித்து முடித்ததும் தற்கொலைக்கு முயன்றார். 25-லும் 30-லும் யாராவது ரிப்போர்ட் கார்டு போட்டிருந்தால் ஃபெயில்தான். 35 வயதில் காசநோய் வந்து 14 மாசம் ஆஸ்பத்திரியில் படுத்தார். நமக்கு இது இன்னொரு இடி. அவருக்கோ, வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ தன்னைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற அனுபவம். அங்கிருந்து ஆள் மாறினார். கல்யாணம், பிள்ளைகள், நல்ல டாக்டர் என்ற பேர். 80 வயதைத் தாண்டிய பிறகு மலையேறிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பில் போனார். மலையேறிக்கிட்டு! எனக்கு ரெண்டாவது மாடிக்கே லிஃப்ட் வேணும்.

27 வயசுல, யாரு செட்டில் ஆயிட்டான் யாரு ஆகலைன்னு எங்க குரூப் போட்டு வெச்சிருக்கிற கணக்கை எடுத்து இதுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். வேலியண்ட் தன் கணிப்புகளையே பின்னால் திருத்திக்கொண்டார். நடுவயதில் ஓஹோ என்று இருந்தவர்கள் கிழ வயதிலும் அப்படியே இருக்கவில்லை, தடுமாறியவர்களில் பலர் பின்னால் தேறினார்கள் என்று 2012-ல் வந்த 'ட்ரையம்ப்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' புத்தகத்தில் எழுதினார்.

இன்னொருத்தர் கதை. வேலியண்ட் அவருடைய பழைய பதில்களை அவருக்கே அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னார். அந்த மனிதர், தப்பான ஆளுக்கு அனுப்பிட்டீங்க போலிருக்குன்னு திருப்பி அனுப்பிவிட்டார். அவர் வாயால் சொன்னதுதான், வருஷம் போனதில் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

அப்புறம் அந்த டாக்டர். 70 வயதில் ஓய்வு பெற்றார். மனைவி ரகசியமாக அவருடைய நோயாளிகளுக்கெல்லாம் எழுதி, நன்றிக் கடிதங்களை வரவழைத்தார். நூறு கடிதம்போல, பலதில் போட்டோவும். அழகான பெட்டியில் போட்டுக் கொடுத்தார். எட்டு வருஷம் கழித்து வேலியண்ட் பார்க்கப் போனபோது, பெட்டியை இறக்கிக் காட்டும்போதே கிழவருக்கு அழுகை. அதில் ஒன்றைக்கூட அவர் இன்னும் படிக்கவில்லையாம். அன்பைக் கொடுப்பதைவிட வாங்கிக்கொள்வது சிலருக்குக் கஷ்டம் என்பதற்கு வேலியண்ட் இதைச் சொல்வார். எனக்கு, ஓப்பன் பண்ணாமலே கிடக்கிற சில மெசேஜ்கள் ஞாபகம் வந்துச்சு.

அந்த ஃபார்வர்டுக்கும் நியாயம் செய்யணும். பின்னால் பாஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பப் பையன்கள் 456 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆராய்ச்சியும் இதோடு சேர்ந்தது. இப்போது நடத்தும் ராபர்ட் வால்டிங்கர் 2015-ல் செய்த டெட் பேச்சுதான் உலகம் பூரா சுத்துது. 50 வயதில் உறவுகளில் திருப்தியாக இருந்தவர்கள் 80-ல் ஆரோக்கியமாக இருந்தார்கள், கொலஸ்ட்ரால் அளவைவிட அது நன்றாகக் கணித்தது என்பது அவர் சொல்வது. எனக்கு ஒரு சந்தேகம் போகலை. உறவு நல்லா இருந்ததால உடம்பு நல்லா இருந்துதா, இல்ல உடம்பும் பையும் தெம்பா இருந்தவனால உறவுகளைக் காப்பாத்திக்க முடிஞ்சுதா? வேலை போனவன் ஃப்ரெண்ட்ஸை விட்டு விலகறதுக்குக் காரணம் கூச்சம்தானே, அன்பில்லாமையா? தவிர, மனைவிகளையே இவர்கள் முறையாகச் சேர்த்தது 2000-களில்தான். 268 பணக்காரக் காலேஜ் ஆண்களை வைத்து மனுஷ குலத்துக்கே தீர்ப்பு எழுதுவது கொஞ்சம் ஓவர். எங்க கிளாஸ்ல பாதிப் பேர் வீட்டுல முதல் பட்டதாரி.

ஆனா விடாம விசாரிச்சாங்க பாருங்க, அங்கதான் நான் கவுந்தேன். விலகிப் போனவர்களை, பதில் போடாதவர்களைத் திரும்ப இழுத்து வந்ததில் பெரிய பங்கு அந்த லூயிஸ் கிரிகரி அம்மாவுக்கு உண்டு என்று வேலியண்ட் எழுதுகிறார்.

நாலாவது ஞாயித்துக்கிழமை அவன் நம்பரைப் போட்டேன். உபயோகத்தில் இல்லை. மூணாவது வருஷம் ஐவி போனப்ப நான்தான் கோஆர்டினேட்டர், எல்லார் வீட்டு நம்பரும் ஒரு எக்ஸெல்ல வாங்கி வெச்சிருந்தேன். பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். தாராபுரம் பக்கம் அவன் ஊர். அவங்க அம்மா எடுத்தாங்க. "ஆருங்க?" பேரைச் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமில்லை. "லேப்புல ஒண்ணா இருந்த தம்பியா? ஏங்கண்ணு, நல்லாயிருக்கியா? அவனுக்கு இப்பத் திருப்பூர்லதான் வேலை." புது நம்பர் கொடுத்தாங்க. வைக்கறதுக்கு முன்னாடி, "கூப்புடு கண்ணு, அவுனுக்கு ஆரும் கூப்புடறதில்ல"ன்னாங்க.

கூப்பிட்டேன்.

"டேய், நீயா! என்னடா, கல்யாணமா?"

"இல்லடா."

"அப்ப ரெஃபரலா? இங்க பனியன் கம்பெனிதான்டா இருக்கு."

"இல்லடா, சும்மாதான்."

"சும்மாவா?"

ஒரு மணி நேரத்துக்கு மேல பேசினோம். மேனேஜர் மீட்டிங்குக்குக் கூப்பிட்டதைக் கட் பண்ணேன். என்ன பேசினோம்னு கேக்காதீங்க. அந்த ஃபைலுக்கு 2040 வரைக்கும் சீல் வெச்சாச்சு.